கெண்டியை விட்டுக்கொடுத்தவர்கள்

சுமனாவதியின் வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவளுடைய கணவர் முதியன்சே அதை ஊர்ப் புத்த விகாரைக்குக் கொடுத்துவிட்டார். ஆசைகளைக் குறைத்துக்கொள்வதில் அதுதான் முதல் படி என்றார். நாற்காலி போனதில் சுமனாவதிக்கு வருத்தமில்லை. அன்று மாலையிலிருந்தே சமையலறை வாசலில் கிடந்த அவளுடைய பிரம்பு நாற்காலியில் அவர் உட்காரத் தொடங்கியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து, தேநீரோடு கடித்துக்கொள்ளும் கித்துள் கருப்பட்டியை விட்டார். ஆனால் அவள் தன் துண்டைக் கடிக்கும்போதெல்லாம் அவருடைய கண் அவள் கையோடு வாய்வரை போய்த் திரும்பியது. வானொலிப் பெட்டியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தார். செய்தி நேரம் வந்ததும் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். கடைசியாக, கருத்துகளை விட்டார். எல்லாவற்றிலும் மோசமானது அதுதான்.

"கூரை ஒழுகுது. தகரம் மாத்தணுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஒழுகுதுங்கிறது உன்னோட பார்வை, சுமனா. அதுல எனக்கு ஒரு பார்வையும் இல்ல."

"உங்க தலைமேலதான் ஒழுகுது."

"தலை நனையுது. அவ்வளவுதான். நல்லதுமில்ல, கெட்டதுமில்ல."

அவள் அவர் தலையைத் துவட்டவில்லை. ஒரு சட்டியை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, தகரம் வாங்க ஆள் சொல்லி அனுப்பப் போனாள்.

சுமனாவதி மா ஓயா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்தவள். இருபது வயதில் கல்யாணமாகி இந்தக் கலுகல்லைக்கு வந்தாள். முதியன்சேக்கு அப்போது தபாற்கந்தோரில் வேலை. வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் அரை ஏக்கர் ரப்பர் இருந்தது. அதில் பால் வெட்டும் வேலை அவளுடையதாயிற்று. விடிவதற்குள் கத்தியோடு மேடேறி, மரம் மரமாகப் பட்டை சீவி, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு இறங்குவாள். முப்பத்தோரு வருடம் இதே மேடு, இதே மரங்கள். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்காலையில் வாளியோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கோணலாகக் கூடியது. இப்போதும் ஒரு நிறைசட்டியைத் தூக்கினால் அந்தக் கை தானாக நடுங்கும்.

அந்த நாட்களில் அவளுக்குத் தலை சீவி, சோறு பிசைந்து ஊட்டி, துணி துவைத்துப் போட்டவள் பொடிமெனிக்கே. முதியன்சேயின் அக்கா. தாய் தகப்பன் இறந்தபோது அவளுக்கு வயது பதினேழு. கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் இரண்டு தம்பிகளையும் ஆளாக்கினாள். மூத்த தம்பி ரண்பண்டா, இளையவர் முதியன்சே. ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. மனைவியை இழந்த ரண்பண்டா ஒரு வீட்டில் தனியாக இருந்தார். மற்ற வீட்டில் முதியன்சேயும் சுமனாவதியும். பொடிமெனிக்கே பகலில் ஒரு வீட்டிலும் படுக்க இன்னொரு வீட்டிலுமாகக் கிணற்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றது ஒரு பௌர்ணமிப் போயா நாளில். அன்று விகாரையின் பிக்கு மெத்தானந்த தேரர் ஒரு பழைய போதனையை எடுத்துப் பேசினார். 'நான் பிடித்ததே சரி' என்று நினைப்பவன் சண்டைக்காரனாகிறான். எதையும் இறுகப் பிடிக்காதவனோடு யார் சண்டை போட முடியும் என்றார். பொருளின்மேல் வரும் ஆசையைவிடக் கருத்தின்மேல் வரும் ஆசை பிசுபிசுப்பானது, கையைக் கழுவிய பிறகும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். ரப்பர்ப் பால் தெரிந்த ஊரானபடியால் எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்து எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது முதியன்சே வாயைத் திறந்தார்.

"அப்படின்னா நல்ல கருத்தையும் விடத்தான் வேணும். சரியான பார்வைங்கிறதும் ஒரு பார்வைதானே."

ரண்பண்டா, விகாரைக்கு வேண்டியதைக் கவனிக்கும் ஊர்க்காரர்களின் தாயக சபைக்குச் செயலாளர். அவருக்கு அது தாங்கவில்லை.

"எட்டுப் படிப் பாதையில முதல் படியே சரியான பார்வைதான். அதையே உடைச்சுப் போட்டுட்டு நீ எப்படி ஏறுவ?"

"ஏறி முடிஞ்சாப் படி எதுக்கு? ஊர் போய்ச் சேர்ந்தவன் பாதையையும் தோள்ல தூக்கிட்டுத் திரியணுமா?"

"நீ எந்த ஊர் போய்ச் சேர்ந்த, தம்பி? முத்திரை ஒட்டின கந்தோரத் தாண்டி நீ எங்கயும் போனதா எனக்குத் தெரியல."

மண்டபம் சிரித்தது. சில் நோன்பு எடுத்து வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த கிழவிகள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதியன்சே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எதையும் இறுகப் பிடிக்காதவராக அன்றிலிருந்து வாழத் தொடங்கியவர், அந்தச் சிரிப்பை மட்டும் மூன்று ஆண்டுகளாக விடவில்லை.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே சுமனாவதிதான் தூது. ரண்பண்டாவுக்குத் தினமும் ஒரு கறி கொண்டுபோவாள். கறிச்சட்டியோடு ஒரு செய்தி போகும். வெறும் சட்டியோடு ஒரு செய்தி திரும்பும்.

"கிணத்துக் கயிறு இத்துப்போச்சுன்னு அவன்கிட்டச் சொல்லு, தங்கச்சி."

"நீங்களே சொல்லுங்க, பெரியண்ணா. அந்தா நிக்கிறாரே, உங்களுக்கு முன்னாலதானே நிக்கிறார்."

"எனக்கு யாரும் தெரியல."

பத்தடி தூரத்தில் நின்ற முதியன்சே வானத்தைப் பார்ப்பார். "கயிறு இத்துப்போறது இயற்கைன்னு அங்க சொல்லிடு, சுமனா."

சுமனாவதிக்குச் சில நாள் அந்தக் கயிற்றாலேயே இரண்டு பேரையும் கிணற்று மரத்தில் கட்டிவைக்கலாம் போலிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பொடிமெனிக்கே படுக்கையில் விழுந்தாள். கடைசி வாரத்தில் சுமனாவதியின் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குப் பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். தானம் குடுக்கிற அன்னைக்கு அவனுங்க ரெண்டு பேரும் ஒரே கெண்டியைப் பிடிச்சு எனக்குத் தண்ணி வார்க்கணும். ரெண்டு கையும் ஒண்ணா இருக்கணும். அது போதும்."

"பிடிக்க வைக்கிறேன், அக்கா. என்மேல விட்டுருங்க."

தேரர்களுக்கு அன்னதானம் கொடுத்து, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்க்கும்போது மூக்கு வைத்த கெண்டியிலிருந்து தண்ணீரைக் கோப்பையில் வார்ப்பார்கள். கோப்பை நிரம்பித் தட்டில் வழிய வேண்டும். அதுவரை நெருங்கிய உறவெல்லாம் கெண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பொடிமெனிக்கே இறந்த ஏழாம் நாள் தானத்தில் நடந்தது என்னவென்றால், முதல் பாதியை ரண்பண்டா பிடித்து வார்த்தார். கெண்டியைப் பாயில் வைத்துவிட்டு விலகினார். பிறகு முதியன்சே வந்து மிச்சத்தை வார்த்தார். தொழிற்சாலையில் ஆள் மாறுவதுபோல மாறிக்கொண்டார்கள். அக்கா எங்கோ ஒரு வாசலில் கையை நீட்டிக்கொண்டு காத்து நிற்பதாகவும், அந்தக் கையில் பாதித் தண்ணீர்தான் விழுந்ததாகவும் சுமனாவதிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இனி மூன்றாம் மாதத் தானம் இருந்தது. அதையும் விட்டால் ஒரு வருடம் காக்க வேண்டும். அதற்குள் யார் இருப்பார்கள், யார் போவார்கள், யார் கண்டது?

தானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சாப்பாட்டில் தொடங்கியது. பொடிமெனிக்கேக்குப் பலாக்கொட்டைக் கறி என்றால் உயிர். தேங்காயும் அரிசியும் கருக வறுத்து அரைத்துப் போட்டுச் செய்வது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைத் தானத்தில் வைப்பது வழக்கம்.

"அவ ஆசைப்பட்டதையே சமைச்சு அவள இங்கயே கட்டிப்போடப் போறியா?" என்றார் முதியன்சே, பிரம்பு நாற்காலியில் இருந்தபடி.

"உங்களுக்குத்தான் ஒரு கருத்தும் இல்லையே?"

"இது கருத்தில்ல. தர்மம்."

சுமனாவதி கிணற்றைச் சுற்றிப் போனாள். ரண்பண்டா தென்னோலை கிழித்துக்கொண்டிருந்தார்.

"பலாக்கொட்டை இல்லாத தானத்துக்கு நான் வரமாட்டேன்னு அங்க சொல்லிடு. வழக்கத்தை மாத்த அவன் யாரு?"

"அவருக்கு வேணாமாம். உங்களுக்கு வேணுமாம். அந்தக் கொட்டைய உரிக்கிறது யாருன்னு ரெண்டு பேரும் ஒருக்கா யோசிச்சுப் பார்த்தீங்களா?"

திரும்பி வந்து பலாக்கொட்டையைத் தோலுரித்தாள். நகக்கண் எரிந்தது. உரித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு நேரே விகாரைக்கு நடந்தாள்.

மெத்தானந்த தேரர் போதிமரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அவள் தரையில் விழுந்து வணங்கி எழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள். தேரர் விளக்குமாற்றை மதிலில் சாய்த்து வைத்தார்.

"அந்தப் பேச்சைப் பேசினதுக்கு நான் மூணு வருஷமா வருத்தப்படுறேன், சுமனாவதி. கருத்தை விடச் சொன்னேன். அவர், 'விட்டேன்'ங்கிறதையே ஒரு கருத்தாப் பிடிச்சுக்கிட்டார். உங்க பெரியண்ணா, அவர் விட்டது தப்புன்னு பிடிச்சுக்கிட்டார். எனக்கு மட்டும் கோபம் வரக்கூடாதுன்னு விதி இருக்கு."

"சாமிதான் ஏதாவது செய்யணும். நான் அக்காவுக்குச் சொல் குடுத்திட்டேன்."

தேரர் விளக்குமாற்றை மறுபடி கையில் எடுத்தார். "சரி. ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கதைக்கிறேன்."

அந்தத் 'தனித்தனியாக' என்பதில்தான் தவறு ஒளிந்திருந்தது. அப்போது அது தேரருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் பகல் முதியன்சே விகாரையிலிருந்து வரும்போது முகம் பாலில் கழுவியதுபோல இருந்தது.

"சுமனா, நான் முடிவெடுத்திட்டேன். விட்டுக்கொடுக்கப் போறேன். உண்மையா விட்டவன்தான் முதல்ல விட்டுக்கொடுப்பான்னு சாமி சொன்னார். அங்க சொல்லாத."

சாயங்காலம் கறிச்சட்டியோடு போனபோது ரண்பண்டாவின் முகத்திலும் அதே பால்.

"தங்கச்சி, நான் அவனுக்கு விட்டுக்கொடுக்கப் போறேன். சரியான பார்வை உள்ளவன்தான் முதல்ல விட்டுக்கொடுப்பானாம். சாமியே சொன்னார். அவன்கிட்டச் சொல்லிறாத."

சுமனாவதி கிணற்றடியில் நின்று சத்தம் வராமல் சிரித்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு செய்தியையும் சுமக்காமல் வீடு திரும்பினாள். அன்று அவள் இரண்டு துண்டுக் கருப்பட்டி சாப்பிட்டாள்.

தானத்தன்று பத்தரைக்கு ஐந்து தேரர்கள் வந்தார்கள். வாசலில் ரண்பண்டா அவர்களுடைய கால்களைக் கழுவினார், முதியன்சே துடைத்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. வெள்ளைத் துணி விரித்த மெத்தைகளில் சுவரோரமாகத் தேரர்கள் அமர்ந்தார்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வாழைப்பூ, கொறுக்காய்ப் புளி போட்ட மீன், எல்லாவற்றுக்கும் நடுவில் கறுத்து மினுங்கிய பலாக்கொட்டைக் கறி. முதியன்சே அந்தச் சட்டியைத் தாமே எடுத்துப் பரிமாறினார். சுமனாவதி அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்குள் சாப்பாடு முடிந்தது. பித்தளைக் கெண்டியைக் கழுத்துவரை நிரப்பி, தட்டில் கோப்பையை வைத்து, பாயின் நடுவில் வைத்தாள். மெத்தானந்த தேரர் விசிறியை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். "உறவுக்காரர் எல்லாரும் கிட்ட வாங்க" என்றார்.

யாரும் வரவில்லை.

முதியன்சே பின்னால் கதவோரமாக, கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரண்பண்டா வெளியே விறாந்தைத் தூணைப் பிடித்தபடி, அவரும் கையைக் கூப்பிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். இரண்டு முகத்திலும் அப்படி ஒரு அமைதி.

சுமனாவதி கணவரிடம் ஓடினாள். "வாங்க. சாமி கூப்பிடுறார்."

"அண்ணா பிடிக்கட்டும். நான் விட்டுக்கொடுத்திட்டேன்."

விறாந்தைக்கு ஓடினாள். "பெரியண்ணா, வாங்க."

"தம்பி பிடிக்கட்டும். நான்தான் விட்டுக்கொடுத்திட்டேனே."

"அவரும் விட்டுக்கொடுத்திட்டாராம்."

"அது ஏலாது. நான்தான் முதல்ல."

கதவோரத்திலிருந்து, கண் திறக்காமலே, முதியன்சே சொன்னார்: "முந்தாநாள் பகலே நான் முடிவெடுத்தாச்சுன்னு அங்க சொல்லு."

உள்ளே ஓதுதல் தொடங்கிவிட்டது. ஐந்து குரலும் ஒன்றாக எழுந்தன. ஓதுதல் யாருக்காகவும் நிற்காது. அது முடிவதற்குள் தண்ணீர் வார்த்தாக வேண்டும். பாயின் நடுவில் கெண்டி யாரும் தொடாமல் இருந்தது. சுமனாவதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சண்டை பிடிக்கும்போதாவது ஏழாம் நாள் பாதிப் பாதி வார்த்தீங்க," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. தேரர்களின் விசிறிகள் அசையவில்லை. "இப்ப நல்லவனுங்களாகிட்டீங்க. அக்காவுக்கு ஒரு சொட்டும் இல்ல."

போய்ப் பாயில் முழந்தாளிட்டாள். கெண்டியை வலது கையால் தூக்கி, இடது கையை அடியில் கொடுத்துச் சாய்த்தாள். அவளும் நெருங்கிய உறவுதான், தம்பியின் மனைவி. பிடிக்கக் கூடாது என்று ஒன்றுமில்லை. ஆனால் பித்தளைக் கெண்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. முதலில் கோப்பைக்குள் விழுந்த தண்ணீர் பிறகு தட்டில் விழுந்தது, அதன்பிறகு பாயில். அவள் பல்லைக் கடித்தாள். கெண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கை விடப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கை முறிந்து கிடந்தபோது சோறு ஊட்டியவளுக்கு இந்தக் கையாலேயே ஒரு கோப்பைத் தண்ணீர் வார்க்க முடியவில்லையே என்று நினைத்தாள்.

அப்போது கெண்டியின் வயிற்றில் ஒரு கை வந்து தாங்கியது. அந்தக் கையின்மேல் இன்னொரு கை. ஒன்றில் தென்னோலை கிழித்த கீறல்கள். இன்னொன்றில் சட்டி பிடித்த கறிமஞ்சள். கெண்டி நிமிர்ந்தது. தண்ணீர் கயிறுபோல நேராகக் கோப்பைக்குள் இறங்கியது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை நிரம்பியது. விளிம்பில் ஒரு கணம் நின்று, நாலு பக்கமும் வழிந்து, தட்டில் பரவியது. ஓதும் குரல்கள் அப்போதும் முடியவில்லை. அவர்கள் கெண்டியின் கடைசிச் சொட்டுவரை வார்த்தார்கள்.

தேரர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்த பிறகு, சுமனாவதி பாத்திரங்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். சாம்பலைத் தொட்டு முதல் சட்டியைத் தேய்க்கும்போது முற்றத்தில் குரல் கேட்டது.

"என் கைதான் முதல்ல வந்தது. நீ என் கைமேல பிடிச்ச."

"உங்க கை எங்க வந்தது? விறாந்தையிலேருந்து வர்றதுக்குள்ள நான் பிடிச்சாச்சு. நீங்க அடியில நுழைச்சீங்க."

"அடியில நுழைக்கிறதுக்கு அது என்ன தபால் பெட்டியா?"

"பாருங்க. இன்னும் அந்தக் கந்தோர விடமாட்டேங்கிறீங்க."

"நீ இன்னும் அந்தச் சிரிப்ப விடமாட்டேங்கிற."

சுமனாவதியின் கை சாம்பலோடு நின்றது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக இவர்கள் அவளைக் கூப்பிடாமல், அவள் வழியாக அனுப்பாமல், நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்து முடிப்பதற்குள்ளேயே கூப்பிட்டுவிட்டார்கள்.

"தங்கச்சி, நீதானே நடுவுல இருந்த. நீயே சொல்லு. யார் கை முதல்ல வந்தது?"

"சொல்லு சுமனா. உள்ளத உள்ளபடி சொல்லு."

அவளுக்குத் தெரியும். முதலில் வந்தது ஓலைக் கீறல் விழுந்த கை. கறிமஞ்சள் கை அதற்குப் பிறகுதான். அவள் கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் நடந்தது அது. சொன்னால் முதியன்சேயின் முகம் எப்படிப் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒழுகிய கூரைக்கு, கருப்பட்டியோடு வந்து போன கண்ணுக்கு, அவளுடைய பிரம்பு நாற்காலிக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல். அந்தச் சொல் நாக்கில் இனித்துக்கொண்டு நின்றது. இத்தனை ஆசையாக அவள் எதையும் சொல்ல நினைத்ததில்லை.

இரண்டு பேரும் காத்து நின்றார்கள். இரண்டு பேருடைய முன்கையும் இன்னும் ஈரமாகவே இருந்தது.

அவள் சட்டியைத் தண்ணீரில் ஒரு முறை அலசினாள். சொல்லை விழுங்கினாள். கஷ்டமாகத்தான் இருந்தது.

"கோப்பை நிரம்பி வழிஞ்சிது," என்றாள். "அது மட்டும் போதும்னுதான் அக்கா கேட்டா."

"அதில்ல, தங்கச்சி—"

"மிச்சப் பாத்திரம் இருக்கு. கை ஈரமாத்தானே இருக்கு, ரெண்டு பேரும் வந்து கழுவுங்க. யார் கை முதல்ல சட்டியத் தொடுதுன்னு அப்ப நான் நல்லாப் பார்த்துச் சொல்றேன்."

முதியன்சே ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரண்பண்டா கிணற்றுக் கயிற்றைப் பிடித்து இழுத்து, "இத்துப்போச்சுன்னு மூணு வருஷமா சொல்றேன்," என்றார், தம்பியைப் பார்த்தே.

"இத்துப்போனா மாத்தணும். சொல்லிட்டு நின்னா ஆச்சா?" என்றார் முதியன்சே.

அவருக்கு ஒரு கருத்து வந்துவிட்டதைச் சுமனாவதி கவனித்தாள். அதையும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் அடிச்சட்டியில் ஒட்டியிருந்த பலாக்கொட்டைக் கறியை வழித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து, காலை நீட்டி, சாப்பிடத் தொடங்கினாள். கிணற்றடியில் கயிற்றைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்தது.